ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் இணைய அகராதி: நிகழ்கால வினைத்திரிபுக்கு எவ்வளவு உதவும்?

மாட்ரிட்டில் 1713ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச மொழிக் கழகம் தன் அகராதியின் 23ஆம் பதிப்பை 2014இல் வெளியிட்டது. அதை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். வினைச்சொல் ஒன்றைத் தேடினால் பொருளோடு அதன் திரிபு அட்டவணையும் கிடைக்கிறது. மொழியைப் புதிதாகக் கற்பவர்கள் முதலில் தேடுவது ஒழுங்கு வினைகளின் நிகழ்கால வடிவங்களைத்தான் என்பதால், அந்தப் பயன்பாட்டை மட்டும் வைத்து இதை மதிப்பிடுகிறேன்.

ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைக் கொண்டு முடியும். அவற்றுக்குக் கழகம் வைத்திருக்கும் மாதிரிகள் அமார் (நேசித்தல்), தெமேர் (அஞ்சுதல்), பர்த்தீர் (புறப்படுதல்). அமார் பக்கத்தைத் திறந்தால் நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள், அவர்கள் என்பவற்றுக்கு முறையே ஆமோ, ஆமஸ், ஆம, அமாமோஸ், அமாய்ஸ், ஆமன் என்று வடிவங்கள் வரிசையாக நிற்கின்றன. தெமேர் வினையில் 'ஆமஸ்' என்பதற்கு நிகராகத் 'தேமெஸ்' வரும். பர்த்தீரும் அதே வழியில் சென்று, 'பர்த்தீமோஸ்', 'பர்த்தீஸ்' ஆகிய இரண்டில் மட்டும் விலகும். மூன்று பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்து ஒப்பிட்டாலே இது விளங்கிவிடும். விகுதியே இடத்தையும் எண்ணையும் காட்டிவிடுவதால் எழுவாயைச் சொல்லத் தேவையில்லை என்பது 'பேசுகிறேன்' என்று பேசிப் பழகிய நமக்குப் புதிதல்ல. படர்க்கையில் ஆண்பால், பெண்பால் விகுதி வேறுபாடு இல்லாதது கூடுதல் நிம்மதி.

இந்த அட்டவணையின் உண்மையான சிறப்பு முன்னிலை வரிசைகளில் இருக்கிறது. பல பாடநூல்கள் ஆறு கட்டங்களோடு முடித்துக்கொள்ள, இங்கே 'நீ' என்னும் பொருள்கொண்ட 'தூ'வுக்கு அருகிலேயே, அதே பொருளில் அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் அன்றாடம் புழங்கும் 'வோஸ்' இடம்பெறுகிறது. தூ என்றால் ஆமஸ், வோஸ் என்றால் அமாஸ். அழுத்தம் கடைசி அசைக்கு நகர்ந்துவிடுகிறது. மரியாதைக்குரிய 'உஸ்தேத்' முன்னிலைச் சொல்லாக இருந்தும் படர்க்கை வடிவமான 'ஆம' என்பதையே ஏற்கிறது. பன்மையில் ஸ்பெயினின் 'வொசோத்ரோஸ்' தனியாகவும், லத்தீன் அமெரிக்கா முழுவதும் வழங்கும் 'உஸ்தேதெஸ்' தனியாகவும் தரப்பட்டுள்ளன. பியூனஸ் ஐரிஸில் வேலைக்குச் செல்பவருக்கும் மாட்ரிட்டில் படிக்கச் செல்பவருக்கும் ஒரே பக்கம் போதும் என்பது சிறிய காரியமல்ல.

ஆனால் இது ஸ்பானிய மொழி அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. தலைப்புகள், விளக்கங்கள், சுருக்கக் குறியீடுகள் எல்லாம் அம்மொழியிலேயே உள்ளன. பகுதியும் விகுதியும் பிரித்துக் காட்டப்படுவதில்லை. ஆமோ என்பதில் பகுதியின் மேல் விழும் அழுத்தம் அமாமோஸ் என்பதில் விகுதிக்கு நகர்வதையும் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். எழுத்தில் குறி இருந்தால்தான் அது கண்ணில் படும். நிகழ்கால வடிவம், நாம் 'நாளைக்குப் பேசுகிறேன்' என்பதைப் போல, அண்மை எதிர்காலத்துக்கும் வரும் என்பதை அட்டவணையிலிருந்து அறிய வழியில்லை. போதாக்குறைக்கு, இன்று சட்ட நடைக்கு வெளியே அரிதாகிவிட்ட 'அமாரெ' போன்ற வடிவங்களும் நிகழ்காலத்துக்கு நிகரான இடத்தைப் பெற்று, தொடக்கநிலை மாணவரை மிரட்டுகின்றன.

ஆகவே ஆசிரியரிடமோ பாடநூலிலோ மூன்று மாதிரிகளையும் கற்ற பிறகு, எழுதியது சரியா என்று பார்ப்பதற்கு இதைப் பயன்படுத்துவதே நல்லது. அப்போதும் நிகழ்காலப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு, கீழே உள்ளவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.