வேலூர்ல சிபியு கூலர் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க: என் 12,800 ரூபாய் போச்சு

கை நடுங்குற கோபத்துல எழுதுறேன், கோர்வையா இல்லாட்டி பொறுத்துக்கோங்க. வேலூர்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில என்கிட்ட 12,800 ரூபாயை ஏமாத்திட்டாங்க. கம்ப்யூட்டர் ப்ராசஸரோட சூட்டை இறக்குற கூலர் 2,700, அதை மாட்டினதுக்குக் கூலி 300, அவங்க மாட்டின லட்சணத்துல வீணாப்போன மதர்போர்டுக்குப் பதிலா நேத்து வாங்கின புது போர்டு 9,800. மொத்தம் 12,800. ஆற்காட்டுல வீட்டுலயே கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணி, வீடியோ ஹைலைட்ஸ் வெட்டிக் குடுத்துச் சம்பாதிக்கிறவ நான். 12,800 ரூபாய்ங்கிறது எனக்கு எத்தனை ராத்திரி கண் முழிச்ச காசுன்னு எனக்குத்தான் தெரியும்.

கடைப் பேரைப் போடல. புகார் குடுத்தாச்சு, அது முடியட்டும். உதிரி பாகமும் வித்து, அங்கேயே சர்வீஸும் பண்ற, மாடிப்படி ஏறிப் போற மாதிரி கடை. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். அந்த மாதிரி கடை வேலூர்ல நிறைய இருக்கு, நல்ல கடையும் இருக்கு. அதனாலதான் எந்தக் கடைக்குப் போனாலும் எப்படிக் கேட்டு வாங்கணும்னு எழுதணும்னு நினைச்சேன்.

என் சிஸ்டத்துல ப்ராசஸர் இன்டெல் ஐ7-12700, மதர்போர்டு பி660. பெட்டியிலயே ஒரு சின்ன ஃபேன் கூலர் வரும், அதோடதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இந்த ப்ராசஸர் சாதாரணமா 65 வாட்ஸ்னு போட்டிருப்பாங்க. ஆனா முழு வேகத்துல வேலை செய்யும்போது 180 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும். 4கே வீடியோ ரெண்டர் போட்டா, அதாவது வெட்டி முடிச்ச வீடியோவை முழு ஃபைலா எடுத்தா, அந்த முழு வேகம்தான். நம்ம ஊரு வெயில் உங்களுக்குத் தெரியும். கத்திரியில வெளியில 40 டிகிரிக்கு மேல, எங்க வீடு மெத்தை வீடு, மதியம் ரூம் அடுப்பு மாதிரி இருக்கும், ஏசி கிடையாது. வைகாசி முகூர்த்த ஆர்டர் வரிசையா நின்னப்போ சிஸ்டம் 95 டிகிரியைத் தாண்டி ஃபேன் கத்த ஆரம்பிச்சுது. அதனால பெரிய டவர் கூலர் ஒண்ணு மாட்டலாம்னு முடிவு பண்ணினோம்.

நான் கண்ணை மூடிக்கிட்டுப் போகல. மதர்போர்டு மாடல், ப்ராசஸர் பேரு, கேபினட் மாடல், கேபினட்டுல எவ்வளவு உயரக் கூலர் போகும்னு போட்டிருந்த 155 மி.மீ. கணக்கு, எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். போர்டு வந்த பெட்டியையும் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் சிபியுவை வண்டியில முன்னாடி வெச்சுக்கிட்டு ஆற்காட்டுலேருந்து வேலூர் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தாரு.

கடைக்காரரு அந்தச் சீட்டை வாங்கினாரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சாரு. போன்ல இருந்த போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தாரு. "பன்னெண்டாவது ஜெனரேஷன், 1700 சாக்கெட்"னு அவரு வாயாலயே சொன்னாரு. சாக்கெட்னா போர்டுல ப்ராசஸர் உக்காருற இடம். அப்பால உள்ள போய் ஒரு கூலரைக் கொண்டாந்தாரு.

"இது செட் ஆவுமாண்ணா? 1700-க்குக் கூலரைப் பிடிக்கிற கம்பி வேற வரும்னு சொல்றாங்களே"ன்னு நான் கேட்டேன்.

"இன்னா மேடம், நான் இருபது வருஷமா இதே தொழில் பண்ணிக்கினு கீறேன். காட்பாடி பக்கம் காலேஜ் பசங்க எல்லாரும் நம்மகிட்டதான் சிஸ்டம் போட்டுக்கினு போறாங்க. இது எல்லா சாக்கெட்டுக்கும் செட் ஆவும். ஆவலன்னா என்கிட்ட கொண்டாங்க, நான் கீறேன் இல்ல?"

அந்த "நான் கீறேன் இல்ல"ங்கிற ஒரு வார்த்தைக்குத்தான் நாங்க நம்பினது. என் சீட்டை அவ்வளவு பொறுமையா படிச்ச மனுஷன், சாக்கெட் நம்பரைத் தானே சொன்ன மனுஷன், பொய் சொல்லுவாருன்னு யாரு நினைப்பாங்க? எங்க வீட்டுக்காரர் "பெரியவரு தெளிவா சொல்றாரு, மாட்டிடலாம்"னாரு. 2,700 ரூபாய் கூலருக்கு, 300 ரூபாய் கூலிக்கு, அங்கேயே போன்ல அனுப்பினோம். பில் கேட்டோம். "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும் மேடம், உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு"ன்னு ஒரு எஸ்டிமேட் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. சிபியுவை உள் ரூமுக்குத் தூக்கிக்கிட்டுப் போய்ட்டாங்க. "உள்ள இடம் இல்ல, தூசி, நீங்க இங்கயே உக்காருங்க." ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு. கூலர் பெட்டியைக் கேட்டதுக்கு, "அது எதுக்கு மேடம் வண்டியில சுமையா"ன்னுட்டாரு.

சைடு மூடி மூடல. கூலர் கேபினட்டை விட உயரம். நான் எழுதிக் குடுத்த 155 மி.மீ. கணக்கைப் படிச்சுட்டுத்தான் அதைக் குடுத்திருக்காரு. கேட்டா, "தொறந்து வெச்சா காத்து இன்னும் நல்லா போவும் மேடம், வேலூரு வெயிலுக்கு அதுதான் நல்லது." எங்க வீட்டுல பல்லி இருக்கு, சின்னப் பையன் இருக்கான். தொறந்து கிடக்குற கரண்ட் பெட்டியை நான் எங்க வைக்கிறது?

வீட்டுக்கு வந்து ரெண்டர் போட்டா நேரா 100 டிகிரி. அந்த ப்ராசஸருக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டா தன்னோட வேகத்தைத் தானே குறைச்சுக்கும். பழைய சின்னக் கூலர்ல முடிஞ்ச வேலை, இந்தப் பெரிய கூலர்ல இன்னும் அதிக நேரம் இழுத்துச்சு. போன் பண்ணினேன். "பேஸ்ட் புதுசு மேடம், செட் ஆவ ரெண்டு நாள் ஆவும்." ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்தத் தடவுற பேஸ்ட்டைச் சொன்னாரு. சரின்னு விட்டேன். திரும்பப் பண்ணினா, "வெயில் காலம், ஊருல எல்லா சிஸ்டமும் இப்டித்தான் கீது, ஒரு டேபிள் ஃபேனை முன்னாடி வெச்சுக்கினு வேலை பாருங்க." அதுக்கப்புறம் கடையில இருக்கிற பையன்தான் எடுப்பான், "ஓனர் சென்னைக்குப் போயிருக்காரு." எப்ப பண்ணினாலும் சென்னைதான்.

இதுக்கு நடுவுல சிஸ்டம் ஒருநாள் காலையில ரெண்டு ரேம்ல ஒண்ணைத்தான் காட்டுச்சு. 16 ஜிபி இருக்க வேண்டிய இடத்துல 8 ஜிபி. ஆல்பம் ஃபைல் தொறக்கவே மூச்சு வாங்குது. நேர்ல போனோம். "ரேம் ரிப்பேருன்னா நான் இன்னா பண்ண முடியும்? கூலர் விக்கிறவன் நான்." மாட்டின பையனைக் கூப்பிடுங்கன்னேன். "அவன் வேலைய வுட்டுப் போய்ட்டான்." பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னேன். சுவத்துல ஒட்டியிருக்கிற 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' போர்டைக் கையால காட்டினாரு. வாய் தொறந்துகூடச் சொல்லல. அன்னைக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு என் சீட்டைப் படிச்சவரு, இன்னைக்கு என் முகத்தைப் பாக்கல. வெளிய வந்து வாட்ஸாப்புல எழுதினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, அப்பால என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு.

நேத்து காட்பாடியில ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டுபோனோம். அவரு எங்க முன்னாடியே கூலரைக் கழட்டினாரு. ப்ராசஸர் மேல பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் அமுங்கி இருக்கு, மறுபக்கம் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கு. கூலர் அந்தப் பக்கம் தொடவே இல்ல. அப்புறம் போர்டை வெளிய எடுத்துத் திருப்பிப் போட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு.

விஷயம் இதுதான். 2015 வாக்குல வந்த 1151-லேருந்து 1200 வரைக்கும் இன்டெல் போர்டுல கூலர் மாட்டுற ஓட்டைக்கு ஓட்டை 75 மி.மீ. இடைவெளி. 2021 கடைசியில 1700 சாக்கெட் வந்தப்போ அது 78 மி.மீ. ஆச்சு. ப்ராசஸர் உக்காருற உயரமும் முன்னைக்குக் கொஞ்சம் தாழ்ந்துபோச்சு. அதனால கூலரைப் போர்டோட பிடிச்சு நிறுத்த 1700-க்குன்னு தனி பிராக்கெட் வேணும். இவங்க எனக்குக் குடுத்தது பழைய ஸ்டாக், 75 மி.மீ. பிராக்கெட் மட்டும் இருக்கிறது. சேராதுன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கணும் இல்லையா? நிறுத்தல. என் மதர்போர்டுல இருக்கிற நாலு ஓட்டையையும் அரத்தால ராவி உள்பக்கமாப் பெருசாக்கி, ஸ்க்ரூவைச் சாய்வா ஏத்தி முறுக்கியிருக்காங்க. போர்டுக்குள்ள அடுக்கடுக்கா செம்புக் கோடு ஓடும்னு அந்த மெக்கானிக் சொன்னாரு. ஓட்டைக்குப் பக்கத்துல ரேமுக்குப் போற கோடு அறுந்திருக்கலாம், இல்ல ஒரு பக்கமா அழுத்தினதுல சாக்கெட் பின் தொடர்பு போயிருக்கலாம், எதுவா இருந்தாலும் இந்த போர்டு இனி நம்புறதுக்கில்லன்னாரு. அதே ப்ராசஸர், அதே ரெண்டு ரேம், வேற போர்டுல போட்டுக் காட்டினாரு. 16 ஜிபியும் வந்துச்சு.

வாரண்டி? போர்டுக்கு மூணு வருஷ வாரண்டி இன்னும் முடியல. சர்வீஸ் சென்டருக்குப் போட்டோ அனுப்பினா, ஓட்டை ராவியிருக்கு, இது உடைச்சல் கணக்கு, எடுக்க மாட்டோம்னு பதில் வந்துடுச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அரத்தை எடுத்தவன் ஒருத்தன், அடி வாங்கினது நான்.

இதுல எனக்குத் தாங்க முடியாதது 12,800 ரூபாய் மட்டும் இல்ல. தெரியாம ஒரு தப்பு நடந்துபோச்சுன்னா மனசு ஆறும். இது தெரிஞ்சு செஞ்சது. சேராதுன்னு தெரிஞ்சதாலதான் அரம் எடுத்திருக்காங்க. "மேடம், இது செட் ஆவல, வேற பிராக்கெட் வரவழைச்சுத் தரேன்"னு ஒரு வார்த்தை வெளிய வந்து சொல்லியிருந்தா போதும். நாங்க அந்தப் பக்கம் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம், அவங்களே வாங்கிக் குடுத்த டீ. அந்த நேரத்துல சுவத்துக்கு அந்தப் பக்கம் என் போர்டை ராவிக்கிட்டு இருந்திருக்காங்க.

வாங்கப் போறவங்க இதை மட்டுமாவது பாருங்க. நிறைய எழுதணும்னு நினைச்சேன், முடியல.

கூலர் பெட்டியைக் கையில வாங்கி, உங்க சாக்கெட் நம்பர் அதுல அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. 12, 13, 14-வது ஜெனரேஷன் இன்டெல்னா 1700-ன்னு போட்டிருக்கணும். "எல்லாத்துக்கும் செட் ஆவும்"னு வாயால சொல்றதை எடுத்துக்காதீங்க. ஏஎம்டி ப்ராசஸர் வெச்சிருக்கிறவங்களுக்கு, ஏஎம்4 சாக்கெட்டோட கூலர் நிறைய புது ஏஎம்5 சாக்கெட்லயும் மாட்டலாம். ஆனா ஏஎம்5-ல போர்டுக்குப் பின்பக்கம் இருக்கிற தகட்டைக் கழட்ட முடியாது, தன்னோட தகட்டைப் போட்டு மாட்டுற கூலர் அதுல உக்காராது. கேட்டுட்டு வாங்குங்க. கூலர் உயரம் கேபினட் அளவுக்குள்ள வருதா, உயரமான ரேமை இடிக்குமான்னும் பாருங்க.

உள் ரூமுக்கு சிபியுவைத் தூக்கிக்கிட்டுப் போக விடாதீங்க. கண்ணு முன்னாடி மாட்டச் சொல்லுங்க. மாட்டலன்னா எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

எஸ்டிமேட் சீட்டு வேணாம், பில் வேணும்னு நில்லுங்க. பில் தராம இருக்கிறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேங்கிறதும் அப்படித்தான், பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள் உங்களுக்கு உண்டு. சுவத்துல ஒட்டின போர்டைப் பாத்து யாரும் திரும்பி வந்துடாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணினா தமிழ்லயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

நான் இன்னைக்குக் காலையில 1915-ல பதிஞ்சுட்டேன். எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பின ரசீது, பிளாக் பண்றதுக்கு முன்னாடி வந்த வாட்ஸாப், ராவின ஓட்டையோட போட்டோ எல்லாம் கையில இருக்கு. காட்பாடி மெக்கானிக் எழுத்துல எழுதித் தரேன்னு சொல்லியிருக்காரு. 12,800 ரூபாயும் வரணும், ஒரு ரூபாய் குறைச்சுப் பேச வந்தா ஒத்துக்க மாட்டேன், வேலூர் ஆணையத்துலயே மனு குடுப்பேன். இதே மாதிரி மாடிக்கடையில இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா உங்க சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்குச் சொல்லுங்க, சேர்ந்தே குடுக்கலாம்.