செட்டிநாட்டில் ஒரு சொகுசு ஃபோர் வீல் டிரைவ்: எது கெட்டது, எது கெடவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் கரடுமுரடான பாதைக்காகக் கட்டிய எதுவும் இதுவரை கெடவில்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிப்பது), டிஃபரன்ஷியல், ஆக்ஸில், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கியர்) எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கெட்டதெல்லாம் சொகுசுக்காகவும் புகை விதிக்காகவும் வைத்த சாமான்கள். அவையும் கண்மாய்க்குள் ஓட்டிக் கெட்டவை அல்ல. பெரும்பாலும் ஷெட்டில் சும்மா நின்றே கெட்டவை.

கம்பெனி பெயர் வேண்டாம். ஐரோப்பிய வண்டி, ஆறு சிலிண்டர் டீசல், ஆட்டோமேட்டிக், ஏர் சஸ்பென்ஷன், லோ ரேஞ்ச் உண்டு. சென்னையில் அம்மான் மகன் வைத்திருந்தார், ஐம்பதாயிரம் சொச்சம் கிலோமீட்டரில் என் கைக்கு வந்தது. இப்போது ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. காரைக்குடியில் வீடு, கல்லல் பக்கம் கொஞ்சம் தோப்பு. அவ்வப்போது மதுரை, திருச்சி. மற்ற நாளெல்லாம் ஊருக்குள் கடைவீதி, கோவில், கல்யாண வீடு என்று நாலைந்து கிலோமீட்டர்தான். வாரக்கணக்கில் சாவியையே தொடாத காலமும் உண்டு.

நம் பக்கம் மலையும் கிடையாது, பாறையும் கிடையாது. செம்மண் தடம், மழை பெய்தால் வழுக்கும் கண்மாய்க் கரை, சீமைக்கருவேல முள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் என் வண்டி போகிற இடத்துக்கெல்லாம் பொலேரோவும் போகும். பல இடங்களில் எனக்கு முன்னாலேயே போய் நிற்கும்.

ஏர் சஸ்பென்ஷனில் ஆரம்பிக்கிறேன். இந்த வண்டியை வாங்கத் தூண்டியது அது, அதிகம் செலவு வைத்ததும் அதுவே. எண்பது தாண்டிய ஆயாவால் (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) உயரமான வண்டியில் ஏற முடியாது. இதில் ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி சில அங்குலம் இறங்கிக்கொள்ளும். "ஏம்ப்பா, வண்டி எனக்காகக் குனியுதா?" என்று முதல் நாள் ஆயா கேட்டதோடு சரி, அதன்பின் வேறு வண்டியில் ஏற மறுத்துவிட்டார்.

கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் வழியாக அனுப்பும். வால்வ் பிளாக் அதை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு ரப்பர் பலூன். வயதானால் ரப்பர் மடிப்பில் வெடிப்பு விழும். நம் செம்மண் புழுதி அந்த மடிப்பில் உட்கார்ந்து அரைப்பதால் இன்னும் சீக்கிரம் விழுகிறது. காலையில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து நிற்கும். ஸ்டார்ட் செய்தவுடன் எழுந்துவிடும். எழுந்துவிடுவதால்தான் எல்லோரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கசிகிற காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, சூடேறி, ஒருநாள் நின்றுபோகும்.

அப்புறம் ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் கம்ப்ரசர் பழுது என்று வரும். கம்ப்ரசரை மட்டும் மாற்றி பில் போட்டு அனுப்புவார்கள். பழைய பலூன் அப்படியே கசிந்துகொண்டிருக்கும், புதுக் கம்ப்ரசரும் அதே வழியில் போகும். எனக்கு இது நடந்தது. ஒரு பெரிய ஷோரூமின் ஒர்க்ஷாப்பில் கம்ப்ரசர் மாற்றி, அடுத்த கோடைக்குள் மறுபடி சத்தம். கடைசியில் பிடித்தவர் நம் ஊர் மெக்கானிக் அண்ணன்தான். வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, சோப்புத் தண்ணீரை மடிப்பிலும் பைப் இணைப்பிலும் அடித்தார். பின் இடது பலூனில் நுரை பொங்கியது. "கம்ப்ரசர் மேல தப்பே இல்ல தம்பி, அது பாவம்" என்றார். பின்னால் இரண்டு பலூனையும் ஜோடியாக மாற்றினோம். அதன்பின் தோப்பிலிருந்து வந்தால் வண்டியை உயர்த்தி வைத்துச் சக்கர இடுக்கில் தண்ணீர் அடித்துவிடுகிறேன். கசிவு நின்றது.

ரேஞ்ச் ரோவரே 1970-இல் வந்தபோது காயில் ஸ்பிரிங்கில்தான் வந்தது; ஏர் சஸ்பென்ஷன் 1992-இல்தான் சேர்ந்தது. ஆகவே இது இல்லாமல் காட்டு வழி ஓட்ட முடியாது என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. காயிலுக்கு மாற்றும் கிட் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. நான் மாற்றாததற்கு ஒரே காரணம் ஆயா.

இன்னொன்று, பஞ்சர் கடையில் ஜாக் போடும் முன் சஸ்பென்ஷனை ஜாக் மோடில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கியதைப் பார்த்து வண்டி தானாக மட்டம் பிடிக்க முயலும். அடியில் கை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைத் தம்பிக்கு இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது டிபிஎஃப், அதாவது டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும், ரோட்டில் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். கடைவீதிக்குப் போய்வருவதில் அந்தச் சூடு வராது. எரிக்கத் தொடங்கும்போதே நாம் வீட்டு வாசலில் அணைத்துவிடுவோம். இப்படிப் பாதியில் நிற்கும்போது, எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும்! ஆயில் நீர்த்தால் டர்போ பேரிங், டைமிங் செயின் எல்லாவற்றுக்கும் கேடு.

என் வண்டியில் இந்த விளக்கு முதலில் எரிந்தது தை மாதத்தில். பழனிக்கு நடக்கிறவர்களுக்குத் தண்ணீரும் பையும் ஏற்றிக்கொண்டு குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாக ஊர்ந்து போனோம். நாள் முழுக்க நடை வேகம், நிறுத்துவது, எடுப்பது, உள்ளே ஏசி. அதைவிட மோசமான வேலையை ஒரு டீசலுக்குக் கொடுக்க முடியாது. நத்தம் தாண்டி எச்சரிக்கை வந்து, வண்டி லிம்ப் மோடுக்குப் போய் வேகமெடுக்க மறுத்தது. கம்ப்யூட்டரை இணைத்துக் கட்டாய ரீஜெனரேஷன், அதாவது கரி எரிப்பு, செய்த பிறகே சரியானது. இப்போது வேலை இருக்கிறதோ இல்லையோ, அவ்வப்போது திருச்சி ரோட்டில் அரை மணி நேரமாவது விட்டு ஓட்டிவிட்டு வருகிறேன். ஆயிலையும் கம்பெனி சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றுகிறேன். வேலையில்லாமல் டீசலைக் கொளுத்துகிறான் என்று வீட்டில் பேச்சு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசல் வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பெரிய எஞ்சின்களில் புகையின் நச்சைக் குறைக்க ஆட்புளூ ஊற்ற வேண்டும். அது 32.5 சதவீத யூரியா கரைசல், 30 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் சீக்கிரம் கெடத் தொடங்கும். நம் ஊர் கத்திரி வெயிலில் மூடிய ஷெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஆட்புளூ டேங்கை நிரப்பி வைக்க வேண்டாம். தண்ணீர் வற்றினால் உப்புப் பூத்து ஊசித்துளை அடைத்துக்கொள்ளும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பக்கம் பிளாஸ்டிக்தான் வில்லன். தெர்மோஸ்டாட் உறை, டி வடிவ இணைப்பு, ரேடியேட்டர் தலை எல்லாம் பிளாஸ்டிக். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அப்பளம் மாதிரி ஆகிவிடும். முதல் தலைமுறை போர்ஷே கயேனின் வி8-இல் இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் பகுதி) அடியில் ஓடிய பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடித்து, பிறகு அலுமினியக் குழாய் வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. என் வண்டியில் பெரிதாக வெடிக்கும் முன்பே தெர்மோஸ்டாட் உறையையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிட்டோம். ராத்திரி வண்டிக்கு அடியில் பிரித்த அட்டைப்பெட்டி ஒன்றைப் போட்டு வைப்பேன். எங்கே சொட்டுகிறது, என்ன நிறம் என்று காலையில் தெரிந்துவிடும். ஸ்கேனரைவிட மலிவு.

பேட்டரி பற்றிப் பேசினால் விடியும். சுருக்கமாக: இந்த வண்டிகளில் பூட்டிய பிறகும் ஏதாவது ஒரு கன்ட்ரோல் யூனிட் விழித்துக்கொண்டே இருக்கும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி 12-க்குக் கீழே வந்தால் திரையில் கியர் பாக்ஸ், ஏபிஎஸ், சஸ்பென்ஷன் என்று எல்லாமே கெட்டதாகக் காட்டும். பயந்து ஒர்க்ஷாப்புக்கு ஓட வேண்டாம், முதலில் வோல்ட்டைப் பாருங்கள். மெயின்டனன்ஸ் சார்ஜர் ஒன்றை ஷெட்டில் நிரந்தரமாக மாட்டிவிட்டேன். அதன்பின் மர்ம எச்சரிக்கைகளில் முக்கால்வாசி காணாமல் போயின.

வேப்பமரத்து அடியில் நிறுத்துகிறவர்கள் கவனிக்கவும். பங்குனி, சித்திரையில் கொட்டும் பூ சன்ரூஃப் ஓரத்து வடிகால் துளைக்குள் போய்ச் சேறாகிவிடும். அது ஐப்பசி மழை வரும்வரை யாருக்கும் தெரியாது. மழை வந்ததும் தண்ணீர் வண்டியின் தூணுக்குள் இருக்கும் குழாய் வழியாக இறங்குவதற்குப் பதில் கார்ப்பெட்டுக்குள் இறங்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பச்சைக் களிம்பு பிடித்துப் போகும். எனக்கு வாடையோடு தப்பித்தது. மெல்லிய நைலான் நரம்பைச் செருகி மழைக்கு முன் சுத்தம் செய்துவிடுவது போதும். எலி தனி. ஒயரைக் கடித்தால் எந்தக் கம்பெனியானாலும் ஒன்றுதான்.

கியர் ஆயிலைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் சார்" என்று ஷோரூமில் சாதித்தார்கள். பல ஐரோப்பிய வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதா, விற்பவன் சொல்வதைக் கேட்பதா? மாற்றினோம். வெளியே வந்தது தார் நிறத்தில் இருந்தது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலும் அதே நாளில் போட்டாயிற்று. லோ ரேஞ்சைத் தேவையில்லாவிட்டாலும் அவ்வப்போது போட்டு நாலு அடி நகர்த்துகிறேன். மாற்றும் மோட்டார் இறுகிப்போகாமல் இருக்க அது ஒன்றே வழி.

முள் குத்தி ஒரு டயர் போனால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது இந்த வண்டிகளில் ஆகாது. சுற்றளவு வித்தியாசப்பட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் ஓயாமல் இழுபடும். பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்5-களில் அங்கேயுள்ள ஆக்சுவேட்டரின் (கிளட்சை இயக்கும் மோட்டார்) பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்வது தனியாகவே பேர்பெற்ற பழுது. நின்றுபோனால் டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரிதான். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவேண்டும், இரண்டும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்த நம்பரைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் டொயோட்டாவின் லேண்ட் குரூசர்தான், பணம் இருந்தால். 2007-இல் வந்த 200 சீரிஸை 2021 வரை அடிப்படையை மாற்றாமலே ஓட்டினார்கள். அந்தப் பிடிவாதம்தான் அதன் பலம். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் இல்லை. 2024-இல் அமெரிக்காவில் டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், எஞ்சினுக்குள் தயாரிப்பின்போதே தங்கிய உலோகத் துகளுக்காக. லேண்ட் ரோவரின் பழைய வி6 டீசலில் கிராங்க்ஷாஃப்ட் உடைவது உலகறிந்த விஷயம், அந்த எஞ்சினுள்ள வண்டியைப் பழையதாக எடுப்பவர்கள் ஆயில் மாற்றிய சரித்திரம் முழுவதையும் கேட்க வேண்டும். லேண்ட் ரோவரை டாடா 2008-லேயே வாங்கிவிட்டதே, பார்ட்ஸ் டாடா கடையில் கிடைக்குமா என்று இன்னமும் கேட்கிறார்கள். கிடைக்காது.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய ஒரு வியாபாரம். "வெளிநாட்டில் இருக்கிறவர் வண்டி, திருவிழாவுக்கு வந்தால் மட்டும் எடுப்பார், இருபதாயிரம்கூட ஓடவில்லை" என்று காண்பிப்பார்கள். பூட்டிக் கிடந்த வளவு வீட்டை மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்கு அந்த இருபதாயிரத்தைவிட, ரோட்டில் ஓடிய எண்பதாயிரம் தேவலை. வண்டியைப் பார்க்கப் போனால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 2318 என்றால் டயர் செய்தது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆயில் குச்சியில் மட்டம் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, டீசல் வாடை வருகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சாயங்காலம் நான்கு சக்கர வளைவின் உயரத்தையும் டேப்பில் அளந்து குறித்துவிட்டு, வண்டியை ராத்திரி அப்படியே நிறுத்தச் சொல்லி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் காலையில் மறுபடி அளந்து பாருங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இன்னும் நிறைய ஷெட் இருக்கிறது.