ஆழமில்லாத கப்பல், குளிர்ந்த கடல்: ஸ்நார்க்கலா, ஸ்கூபாவா?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் சர்ச்சில் தடுப்பணைகளை ஒட்டிச் சில பழைய கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. சென்னையிலிருந்து அவற்றைப் பார்க்கப் போகிறவருக்கு 7 மி.மீ. வெட்சூட்டும் (உடலை ஒட்டிய நியோப்ரீன் ரப்பர் உடை) ஸ்நார்க்கலும் (மேலே மிதந்தபடி மூச்சு விடும் குழாய்) போதுமா, டிரைசூட்டும் (நீரே புகாத உடை) ஸ்கூபாவும் (சிலிண்டர் காற்றோடு மூழ்குவது) வேண்டுமா? நம் ஓட்டு வெட்சூட்டுக்கே.

பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த ஸ்காபா ஃப்ளோ விரிகுடாவுக்குள் எதிரி நுழையாமல் வழியடைக்கவென்றே மூழ்கடித்த கப்பல்கள் இவை. அவற்றில் ரெஜினால்ட் என்ற கப்பல் 1915-இலேயே மூழ்கடிக்கப்பட்டது. அப்படியும் 1939 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் யு-47 நீர்மூழ்கி உள்ளே புகுந்து பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலைத் தாக்கியது. அதற்குப் பிறகுதான் தடுப்பணை எழும்பியது. கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். பல இடங்களில் ஆழம் 10 மீட்டருக்குள், நீர் வற்றும் நேரத்தில் சிலவற்றின் இரும்பு வெளியேயே தெரியும். சிலிண்டர் இல்லாமல் பார்ப்பதற்கே அமைந்த இடம்.

ஸ்கூபாவுக்குச் செலவும் சான்றிதழும் கூடுதல் என்பதெல்லாம் தெரிந்ததுதான். ஒன்று மட்டும்: தொடர்ந்து சில நாள் ஸ்கூபா செய்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மேற்பரப்பிலேயே மிதக்கும் ஸ்நார்க்கலுக்கு அந்தக் கணக்கு இல்லை.

இனி குளிர். கோவளம், புதுச்சேரி கடலில் பழகிய உடம்புக்கு ஆர்க்னியின் 13 டிகிரி கோடை நீரே அதிகம். குளிர்காலத்தில் 6, 7 டிகிரிக்கு இறங்கும். நியோப்ரீன் சூடு காப்பது அதற்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்களால். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காவதால் குமிழ்கள் ஒடுங்கி, சூட் மெலிகிறது. மேலே மிதக்கிறவருக்கு 7 மி.மீ. ஏறக்குறைய 7 மி.மீ.யாகவே நிற்கும். கோடையில் முக்கால் மணி நேரம் தாராளம். குளிர்காலத்துக்கு இதே தீர்ப்பை நாம் சொல்ல மாட்டோம்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. டிரைசூட்டின் உயிர் கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாமல் இறுக்கும் லேட்டக்ஸ் (மெல்லிய ரப்பர்) பட்டை. அதைக் கெடுப்பவை சூடு, வியர்வை, சன்ஸ்கிரீன் எண்ணெய். மூன்றும் சென்னையில் இலவசம். ஆண்டுக்கு ஒரே பயணம், மீதி நாளெல்லாம் பரணில். கத்திரி வெயில் முடிந்து எடுத்துப் பார்த்தால் பட்டை பிசுபிசுக்கும். விரலால் மெல்ல இழுங்கள்: மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அது கடலுக்குள் கிழியும். மாற்றுவது செருப்பு தைப்பவரிடம் கொடுக்கிற வேலை இல்லை. பட்டைக்கு வாசனையில்லாத டால்க் பூச வேண்டும், பித்தளை ஜிப்பின் வெளிப்பக்கம் மட்டும் மெழுகு தேய்க்க வேண்டும். ஜிப்பை மடித்து வைத்துவிட்டால் பல் விலகி, கசியத் தொடங்கும்.

வெட்சூட் இவ்வளவு அடம் பிடிக்காது. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரில் அலசினாலும் கடைசி முறை மெட்ரோ தண்ணீர் போதும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, அகலமான ஹேங்கரில் நிழலில் காயப் போடுங்கள். மொட்டை மாடி வெயில் கூடாது. நகம் பட்டுக் கிழிந்தால் நியோப்ரீன் பசை இரண்டு பூச்சு, நடுவில் காயவிட்டு ஒட்டினால் ஆயிற்று.

ஸ்கூபா ஜெயிக்கிற இடமும் அங்கேயே இருக்கிறது. 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர் தாங்களே மூழ்கடித்த கடற்படையில் மிஞ்சிய 7 பெரிய கப்பல்கள் இன்னும் ஆழத்தில் கிடக்கின்றன. (அன்றைய ஜெர்மன் தளபதி இருந்த கப்பலின் பெயர் எம்டன், நம் சென்னையைச் சுட்ட எம்டனின் பெயரை வாங்கிக்கொண்டது.) அவற்றுக்கு டிரைசூட் கட்டாயம், ஆனால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே குளிர்நீருக்கென்று தயாரித்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் கருவி) வேண்டும். மற்றவை உறைந்து, காற்றை நிறுத்தாமல் கொட்டும்.

ஸ்நார்க்கல் என்றதும் அலட்சியம் வேண்டாம். தலையை மூடும் 5 மி.மீ. ஹூடும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் குளிர் அதிர்ச்சியில் மூச்சு தானாக இழுக்கும். இடுப்பளவு நீரில் நின்று, முகத்தில் நீரை அள்ளித் தெளித்து, மூச்சு சீரானதும் முகத்தைக் கவிழுங்கள். வெட்சூட்டின் மிதப்பைக் குறைக்க இடுப்பில் கட்டும் எடைப் பட்டியில், மூச்சை முழுக்க விட்ட பிறகும் நீங்கள் மிதக்கும் அளவுக்கே எடை கட்டுங்கள். மூச்சடக்கி இறங்குவதென்றால் ஒருவர் கீழே போகும்போது மற்றவர் மேலே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால் அப்போதே கரையேறுங்கள்.