கடலைத்தோட்டுப் பிரிக்கெட்டும் விசிறி அடுப்பும்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

சிறு விசிறியால் காற்று ஊதி எரியும் அடுப்பில் புகை வந்தால் எல்லோரும் அடுப்பைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி, கடலைத்தோட்டை அழுத்திச் செய்த எரிகட்டியில் (பிரிக்கெட்டில்) இருக்கும் ஈரம்.

பாய்லருக்கென அடிக்கும் 90 மி.மீ. கட்டி வீட்டு அடுப்புக்கு அப்படியே ஆகாது. கட்டி அடிக்கும் இயந்திரத்தின் பிஸ்டன் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வில்லையாகச் சேர்ப்பதால், வில்லைகள் சேரும் மடிப்பில் தட்டினால் பிளக்கும். பிறகு 2–3 செ.மீ. துண்டுகளாக்கிக்கொள்ளலாம். இதில் பசை கிடையாது. தோட்டிலேயே இருக்கும், சூட்டில் இளகும் லிக்னின் என்ற பொருள்தான் பிடிப்பு. தண்ணீர் பட்டால் உப்பித் தூளாகிவிடும், மறுபடி காயவைத்தும் பயனில்லை. ஐப்பசி வருவதற்குள் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றிவிடுங்கள். சாக்குமூட்டை ஈரக்காற்றையே இழுக்கும். நல்ல கட்டி சடக்கென்று ஒடியும், ஈரமானது பிய்ந்து உதிரும்.

அடுப்பில் கட்டியை நிரப்பும்போது மேல்வரிசைக் காற்றுத் துளைகளுக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்த வேண்டும். அவை அடைபட்டால் கட்டியிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகப் போகும். சிராய்த்தூளோ காய்ந்த பாளையோ வைத்து மேலிருந்து பற்றவைத்து, தீ பரவும்வரை விசிறியைக் குறைவில் வையுங்கள். நடுவில் புதுக் கட்டி போட்டால் புகை நிச்சயம். சுவாலை அடங்கிக் கரி கனலும் நேரத்தில் புகையே தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரும். கதவு, சன்னலைச் சாத்தாதீர்கள்.

நெல் உமியில் செய்த கட்டி மலிவு என்று ஏமாற வேண்டாம். கிலோவுக்கு 200 கிராம் அளவுக்குச் சாம்பல் விழும். கடலைத்தோட்டில் 50 கிராமுக்குள் முடியும். மண் கலந்த சரக்கானால் சாம்பல் உருகி, கண்ணாடிபோல் இறுகி அடித்தட்டுத் துளைகளை அடைக்கும். தட்டு ஆறியபின் வாரம் ஒருமுறை சுரண்டி எடுக்க வேண்டும். மெல்லிய இரும்புத் தட்டு சூட்டில் வளையும், வார்ப்பிரும்பு தாங்கும்.

செலவுக் கணக்கு: கடலைத்தோட்டுக் கட்டி கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி வெப்பம் தரும். அடுப்பின் திறன் 33 சதவீதம், கேஸ் அடுப்பு 60 சதவீதம் என்று வைத்தால், 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 70 கிலோ கட்டி வேண்டும். சிலிண்டர் விலையை 70-ஆல் வகுத்துப் பாருங்கள். கட்டி கிலோ விலை அதற்கு மேல் போனால், உடைக்கிற வேலைக்கே கூலி மிஞ்சாது.

விசிறியில் படியும் சாம்பலை மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டினால் போதும். எண்ணெய் விடாதீர்கள், தூசி இன்னும் ஒட்டும்.