மண்டபத்து உப்புக்காற்றில் ஒரு பழைய மராண்ட்ஸ் பி.எம். 5005

மண்டபத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு 20,000 ரூபாய்க்குள் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் தேடி எட்டு மாதங்கள் அலைந்த பிறகு, மராண்ட்ஸ் பி.எம். 5005 ஒன்றை வாங்கினேன். அதை ஓராண்டு அன்றாடம் கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதமும் ஜாஸும்தான். வீட்டு விசேஷத்துக்குச் செட் தேடுகிறவர்களின் தேவை வேறு.

முதலில் வாங்கியது இது அல்ல. கீழக்கரையில் ஒரு வீட்டிலிருந்து, வளைகுடாவில் வேலை பார்த்தவர் பல ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்த கனமான செட் ஒன்றை எடுத்தேன். கடையில் சத்தமாக வைத்துக் காட்டுவதைப் போல அவர்களும் சத்தமாக வைத்துக் காட்டினார்கள், நானும் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து இரவில் மெதுவாக ஓர் ஆலாபனையைப் போட்டதும் இடப்பக்கம் அடங்கிப்போயிற்று. ஒலியைக் கூட்டினால் திரும்பி வரும், குறைத்தால் மறுபடி மறையும். ராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக் மூடியைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பைத் தானாகவே சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் பிளாஸ்டிக் உறையை எடுத்து, உள்ளே கடுகளவே இருந்த இரண்டு தொடுமுனைகளைக் காட்டினார். அவை கன்றிக் கறுத்திருந்தன. அந்தக் கறுப்புப் படலத்தைச் சிறிய மின்னழுத்தத்தால் கடக்க முடிவதில்லை, பெரியது கடந்துவிடுகிறது. அதனால்தான் சத்தமாகக் கேட்டபோது குறை தெரியவில்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், நம் கரையோர வீடுகளில் இருந்த செட்டுகளில் ரிலேயும் சுவிட்சுகளும் வால்யூம் கைப்பிடியும்தான் முதலில் கெடுகின்றன.

அதன் பிறகு எந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரையும் மெல்லிய ஒலியில்தான் சோதித்தேன். தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளைப் போட்டு, இரு பக்கமும் சமமாகக் கேட்கிறதா, கைப்பிடியைத் திருப்பினால் கரகரப்பு வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைப்பேன். பாட்டு இல்லாதபோதும் கசியும் டி.சி. மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் வாங்கமாட்டேன். பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் படிக்க வேண்டும், ஏனெனில் ஜப்பானில் விற்றவை 100 வோல்ட்டுக்கும் அமெரிக்காவில் விற்றவை 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. அவற்றை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும்.

பி.எம். 5005 இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 40 வாட் தருகிறது. இது போதுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஒரு வாட்டுக்கு 88 டெசிபல் தரும் என் ஸ்பீக்கர்களில், நான் கேட்கும் அளவுக்குச் சராசரியாக ஒரு வாட்டும் செலவாவதில்லை. மீதி எல்லாம் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்கு ஏறும் கணங்களுக்கான கையிருப்பு. 80 வாட் வாங்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மிருதங்கம். வலந்தலையின் சொற்கள் கூர்மையாக விழுகின்றன, இடப்பக்கத் தொப்பியின் கும்கி என்னும் குழைந்த அடியொலி வீங்காமல் வளைந்து அடங்குகிறது. கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனில் கமகத்தோடு மூச்சும் சேர்ந்து கேட்கிறது. ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் விடுதியில் வாசித்த பதிவை நான் ஒரு சோதனைத் தாளாகவே வைத்திருக்கிறேன். அதில் ஸ்காட் லஃபாரோவின் டபுள் பேஸ் பியானோவுக்குக் கீழே புதையாமல் தனிக்குரலாக நிற்க வேண்டும், பின்னால் மேசைகளில் கண்ணாடிக் கோப்பைகள் மோதுவதும் கேட்க வேண்டும். இதில் இரண்டும் கேட்கின்றன. அந்தப் பதிவு முடிந்து பதினொரே நாட்களில் லஃபாரோ சாலை விபத்தில் இறந்துபோனார் என்பதை நினைக்காமல் என்னால் அதைக் கேட்க முடிவதில்லை.

குறைகளும் உண்டு. டிஜிட்டல் உள்ளீடு கிடையாது, ஆகவே தொலைக்காட்சியின் ஆப்டிகல் கேபிளை நேராகச் சொருக முடியாது. இசைத்தட்டுச் சுழலிக்கு இடம் இருக்கிறது, ஆனால் எம்.எம். (நகரும் காந்த) வகைக் கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது அந்த வகை ஊசித் தலைக்கு மட்டுமே. பழைய மோனோ நாகஸ்வரப் பதிவுகளின் மேல்ஸ்தாயி சற்றுக் காதைக் குத்துகிறது. அப்போது ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

1978இல் வந்த நாட் (NAD) 3020 ஆம்ப்ளிஃபையர் நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் யோசிக்கலாம். 20 வாட்டே ஆனாலும் மனிதக் குரலுக்கு இதமான செட் அது. பின்பக்கம் ப்ரீ-ஆம்ப், பவர்-ஆம்ப் என்ற இரண்டு பகுதிகளை இணைக்கும் வளைந்த உலோகத் துண்டுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை தொலைந்திருந்தால் ஒலியே வராது. அத்தனை வயதான செட்டில் மின்தேக்கிகளை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆடி மாதக் கச்சான் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் பயந்து, கேட்காத நாளிலும் ஒரு மணி நேரம் செட்டை ஓடவிடுகிறேன். உள்ளே எழும் சூடு ஈரத்தைப் போக்கிவிடுகிறது. நிறுத்தி ஆறிய பிறகுதான் பருத்தித் துணி போட்டு மூடுவேன். போன வாரம் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது திருகுகளில் லேசான துரு இருந்தது, ஸ்பீக்கர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறவில்லை.