ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கற்க எந்த வழி? என்.பி.டி.இ.எல்., கூகுள், ஸ்க்ரம், பி.எம்.பி., பிரின்ஸ் 2 ஓர் அலசல்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பி.எம்.பி. போகட்டுமா, ஸ்க்ரம் மாஸ்டர் போகட்டுமா, இல்லை கூகுள் சான்றிதழ் போதுமா?" பி.எம்.பி. என்பது அனுபவமுள்ள ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு தரும் சான்றிதழ்; ஸ்க்ரம் மாஸ்டர் என்பவர், வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் டீமுக்கு வழிகாட்டுபவர். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்கிறார்கள். ஆனால் இவை ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை இல்லை. ஓராண்டு அனுபவம் மட்டும் உள்ளவர் பி.எம்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பத்தாண்டுகள் கட்டுமானத் தளத்தில் நின்றவருக்கு கூகுள் பாடத்தில் புதிதாகக் கிடைப்பது குறைவு. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் எதற்கு எது போட்டி என்று பிரித்துப் பார்ப்பதுதான் சரி.

எந்த வழியையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன். அந்தப் படிப்பு உங்களை என்ன செய்ய வைக்கிறது? கணக்குப் போட வைக்கிறதா, ஆவணம் எழுத வைக்கிறதா, முடிவெடுக்க வைக்கிறதா, வெறுமனே மனப்பாடம் செய்ய வைக்கிறதா? சான்றிதழின் பெயரும் கட்டணமும் அதற்கு அடுத்துதான்.

தொடக்கம்: என்.பி.டி.இ.எல்.லா, கூகுளா?

ஒன்றுமே தெரியாமல் தொடங்குபவருக்கு மலிவான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள். வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம், வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. இன்னொன்று கூகுள் 2021-இல் கோர்ஸெரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் தொடங்கிய சான்றிதழ் படிப்பு. அப்போது அதில் ஆறு பாடங்கள், வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் ஏறத்தாழ ஆறு மாதம் என்று திட்டமிட்டிருந்தார்கள். மாதச் சந்தா கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

கூகுள் பாடம் உங்களை எழுத வைக்கிறது. ப்ராஜெக்ட் சார்ட்டர் (நோக்கமும் எல்லையும் சொல்லும் தொடக்க ஆவணம்), யார் எதற்குப் பொறுப்பு என்ற அட்டவணை, ரிஸ்க் ரிஜிஸ்டர் (வரக்கூடிய ஆபத்துகளின் பட்டியல்), ஸ்டேக்ஹோல்டருக்கு (ப்ராஜெக்ட்டோடு தொடர்புடையவருக்கு) அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரு கற்பனை நிறுவனத்துக்காகத் தயாரிக்கச் சொல்கிறார்கள். கடைசிப் பாடத்தில் ஓர் உணவகம் தன் மேசைகளில் டேப்லெட் வைக்கும் ப்ராஜெக்ட் முழுவதையும் நீங்களே நடத்துவது போன்ற பயிற்சி. மீட்டிங்கில் எப்படிப் பேசுவது, இழுத்தடிக்கும் ஆளை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் அருமையாக வருகிறது. கணக்குதான் மெலிவு.

என்.பி.டி.இ.எல். பாடங்களில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தில் பிறந்த, எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தாமதிக்கும் என்று காட்டும் கிரிட்டிக்கல் பாத் முறை, அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் வந்த, காலத்தை மூன்று மதிப்பீடுகளால் கணிக்கும் பெர்ட் முறை, இரண்டையும் கையால் போட்டுப் பார்க்க வைக்கிறார்கள். இது பழைய பாடத்திட்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கடையைப் புதுப்பிக்கிறோம் என்று வையுங்கள். வயரிங் 4 நாள், அது முடிந்து பூச்சு 3 நாள், அப்புறம் பெயின்ட் 2 நாள். மொத்தம் 9 நாள். பெயர்ப்பலகை செய்ய 5 நாள், அது தனியாக நடக்கும், திறப்பன்று வந்தால் போதும். பலகைக்காரர் 3 நாள் தாமதித்தாலும் திறப்பு தள்ளிப்போகாது, ஏனெனில் அவரிடம் 4 நாள் இடைவெளி இருக்கிறது. வயரிங் ஒரே ஒரு நாள் தாமதித்தால் திறப்பு ஒரு நாள் தள்ளிப்போகும். யாருக்குத் தினமும் போன் போட வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்பது இந்தச் சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. இது புரியாதவர் எல்லாரையும் ஒரே அளவுக்கு விரட்டி, எல்லாரையும் களைப்படையச் செய்வார்.

ஆகவே தொடக்கத்தில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், என் தேர்வு என்.பி.டி.இ.எல். பேச்சும் ஆவணமும் வேலையில் பார்த்துப் பார்த்து வந்துவிடும். கணக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராமல் வருவதில்லை. ஏற்கெனவே பொறியியலில் கிரிட்டிக்கல் பாத் படித்தவர்களுக்கு மட்டும் கூகுள் மேல்.

இரண்டாம் கட்டம்: ஸ்க்ரம் பக்கமா, சி.ஏ.பி.எம். பக்கமா?

ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு ஸ்க்ரம் தவிர்க்க முடியாதது. அதன் அடிப்படை ஆவணமான ஸ்க்ரம் கைடை கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதினார்கள். 2020 பதிப்பு மொத்தமே 13 பக்கம், இணையத்தில் இலவசம். 13 பக்கத்தைப் படிப்பதற்கு முன்பே பல ஆயிரம் ரூபாய் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதலில் அதை இரண்டு முறை படியுங்கள்.

அதன் பிறகு இரண்டு சான்றிதழ்கள் போட்டியிடுகின்றன. ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பு தரும் சி.எஸ்.எம். (சர்ட்டிஃபைட் ஸ்க்ரம் மாஸ்டர்) சான்றிதழுக்கு அவர்கள் அங்கீகரித்த பயிற்சியாளரிடம் வகுப்பு கட்டாயம். தேர்வில் 50 கேள்விகள், 37 சரியாக இருந்தால் தேர்ச்சி. இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஷ்வேபர் தொடங்கிய ஸ்க்ரம் டாட் ஆர்க் தரும் பி.எஸ்.எம். 1 (ப்ரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) சான்றிதழுக்கு வகுப்பு தேவையில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்விகள், தேர்ச்சிக்கு 85 சதவீதம், சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. தேர்வு என்ற அளவில் பி.எஸ்.எம். கடினம், செலவும் குறைவு. தானாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுதான் நல்லது. சி.எஸ்.எம்.-இன் பலம் முழுக்க பயிற்சியாளரின் பலம். உண்மையான டீம்களில் அடிபட்டு வந்த பயிற்சியாளர் கிடைத்தால் அந்த இரண்டு நாள் வகுப்புக்கு ஈடில்லை; ஸ்லைடு வாசிப்பவர் கிடைத்தால் பணம் போனதுதான். அதனால் நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல் பயிற்சியாளரைப் பற்றி விசாரித்துச் சேருங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஸ்க்ரம் செலவு மதிப்பீட்டையோ ஒப்பந்தத்தையோ கொள்முதலையோ சொல்லித்தருவதில்லை. அதன் வேலையும் அது இல்லை. ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ப்ராஜெக்ட் மேனேஜர் நேர்காணலுக்குப் போகிறவர்கள் பட்ஜெட் கேள்வி வந்ததும் திணறுவது இதனால்தான்.

அந்த இடைவெளியை நிரப்பவென்று இருப்பது பி.எம்.ஐ.-யின் தொடக்கநிலைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி இருந்தால் விண்ணப்பிக்கலாம், 150 கேள்விகள், மூன்று மணி நேரம். சி.ஏ.பி.எம். வைத்திருந்தால் பின்னால் பி.எம்.பி.-க்குக் கேட்கும் 35 மணி நேரப் பயிற்சியைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. இவ்வளவு இருந்தும் நான் இதை எல்லாருக்கும் சொல்வதில்லை. ஓராண்டுக்குள் பி.எம்.பி. எழுதும் தகுதி வந்துவிடும் என்றால் சி.ஏ.பி.எம். வீண் செலவு. இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும், வேறு துறையிலிருந்து இதற்குள் வருகிறேன் என்பவர்களுக்கு மட்டும் பொருத்தம்.

பி.எம்.பி.-யா, பிரின்ஸ் 2-வா?

இங்கேதான் உண்மையான போட்டி. இரண்டும் வெவ்வேறு மண்ணில் பிறந்தவை, அந்த வேறுபாடு இன்றும் அவற்றில் தெரிகிறது. பி.எம்.ஐ. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கியது, பி.எம்.பி. 1984-இல் வந்தது. பிரின்ஸ், பிரிட்டிஷ் அரசு தன் கணினித் திட்டங்கள் கட்டுக்கடங்காமல் போவதைத் தடுக்க 1989-இல் கொண்டுவந்த முறை. 1996-இல் எல்லாத் துறைக்கும் பொதுவாக்கி பிரின்ஸ் 2 ஆக்கினார்கள். இப்போது அதை நடத்துவது பீப்பிள்செர்ட்; கடைசிப் பதிப்பு 2023-இல் வந்த ஏழாம் பதிப்பு.

பி.எம்.பி. உங்களைப் பற்றியது. பட்டம் பெற்றவர் 36 மாதம் ப்ராஜெக்ட்டை நடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும், பட்டம் இல்லாதவர் 60 மாதம். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். அப்போது நீங்கள் சொன்ன அனுபவத்தை உங்கள் மேலாளர் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். தேர்வு 180 கேள்விகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். கேள்விகள் பெரும்பாலும் சூழ்நிலையாக வரும். வாடிக்கையாளர் நேரே டெவலப்பரிடம் போய் ஒரு வசதி கேட்டிருக்கிறார், அவரும் செய்யத் தொடங்கிவிட்டார், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? "மேலதிகாரியிடம் புகார் செய்வேன்", "உடனே நிறுத்தச் சொல்வேன்" என்பவை வசீகரமான தவறான விடைகள். முதலில் தொடர்புடையவர்களோடு பேசி, அந்த மாற்றம் காலத்தையும் செலவையும் எவ்வளவு தொடுகிறது என்று பார்த்து, பிறகு மாற்றக் கட்டுப்பாட்டு முறைக்குள் கொண்டுவருவதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் நடை.

பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். 2017-இல் வந்த, பி.எம்.ஐ.-யின் கையேடான பி.எம்.பாக் ஆறாம் பதிப்பில் 49 செயல்முறைகள் இருந்தன. அவற்றின் உள்ளீடு, வெளியீடு என்று மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகள் இன்னும் நடக்கின்றன. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு அந்தக் கட்டமைப்பை விட்டு 12 கோட்பாடுகளுக்கு மாறியது. தேர்விலும் அதே ஆண்டு முதல் பாதி அளவுக்கு அஜைல் (ஸ்க்ரம் போலச் சிறு சுற்றுகளாகச் செய்யும் முறை), ஹைப்ரிட் (அதையும் முன்கூட்டியே திட்டமிடும் முறையையும் கலந்தது) கேள்விகள் வந்துவிட்டன. தவிர, தேர்வு எதையும் ஒரே புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. பி.எம்.ஐ. தன் தளத்தில் இலவசமாக வெளியிடும் தேர்வுப் பாடத்திட்ட ஆவணம்தான் ஆதாரம், அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். பணம் கட்டும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

பிரின்ஸ் 2 நிறுவனத்தைப் பற்றியது. ஏழு கோட்பாடு, ஏழு நடைமுறை, ஏழு செயல்முறை என்று கட்டியிருக்கிறார்கள். ஃபவுண்டேஷன் தேர்வுக்கு அனுபவம் தேவையில்லை. 60 நிமிடம், 60 கேள்வி. பிராக்டிஷனர் தேர்வில் அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்து வைத்தே எழுதலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று, ப்ராஜெக்ட்டின் பிசினஸ் கேஸை ஒவ்வொரு கட்ட முடிவிலும் மறுபடி சோதிக்கச் சொல்கிறது. இந்த வேலை இன்னும் செய்யத் தகுந்ததுதானா என்ற கேள்வியைக் கேட்பதை அது கடமையாக்குகிறது. இரண்டாவது, வரம்பு. செலவில் 10 சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் மேனேஜரே பார்த்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே குறித்துவிட்டால், அதைத் தாண்டும் என்று தெரிந்த கணத்தில் ப்ராஜெக்ட் போர்டுக்கு, அதாவது மேற்பார்வைக் குழுவுக்கு, அறிக்கை போக வேண்டும். அதுவரை போர்டு குறுக்கிடாது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஒப்புதல் கேட்டே மாதங்கள் கரையும் இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வேலைச் சந்தை என்று பார்த்தால், இந்தியாவிலும் வளைகுடாவிலும் விளம்பரங்களில் அதிகம் கேட்பது பி.எம்.பி. பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம், அதுவும் அரசுத் திட்டங்களில், பிரின்ஸ் 2-வுக்கு மதிப்பு உண்டு. சென்னையிலோ துபாயிலோ வேலை தேடுகிறவர் பி.எம்.பி.-யே எடுக்கட்டும். ஆனால் பிரின்ஸ் 2-வின் வரம்பு முறையைச் சான்றிதழ் இல்லாமலே படித்துத் தன் ப்ராஜெக்ட்டில் பயன்படுத்தட்டும் என்பதுதான் என் பரிந்துரை. பி.எம்.பி.-யைத் தக்கவைக்க மூன்றாண்டுக்கு 60 பி.டி.யு. (தொடர்ந்து கற்பதற்கான புள்ளிகள்) சேர்க்க வேண்டும். பி.எம்.ஐ.-யின் சென்னைக் கிளைக் கூட்டங்களுக்குப் போனாலே அதில் ஒரு பகுதி தேறும், ஆட்களையும் தெரிந்துகொள்ளலாம்.

மேல்நிலை

மேல்நிலைக்கும் சான்றிதழ்கள் இருக்கின்றன. பல ப்ராஜெக்ட்டுகளை ஒன்றாக நடத்துபவர்களுக்கு பி.எம்.ஐ. 2007 முதல் பி.ஜி.எம்.பி. தருகிறது, விண்ணப்பத்தை முதலில் ஒரு குழு பரிசீலிக்கும். ஐ.பி.எம்.ஏ. என்ற சர்வதேச அமைப்பு டி-யில் தொடங்கி ஏ வரை நான்கு படிகள் வைத்திருக்கிறது. மேல் படிகளில் மதிப்பீட்டாளர்கள் நேர்காணல் செய்து, நீங்கள் நடத்திய ப்ராஜெக்ட்டைத் துருவிக் கேட்பார்கள். கற்றுக்கொள்ளும் கோணத்தில் ஐ.பி.எம்.ஏ.-வின் முறையே எனக்கு உயர்வாகப் படுகிறது, நம் ஊரில் அதை அறிந்தவர்கள் குறைவு என்றாலும். கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டுமான மேலாண்மை எம்.இ., புனேயின் கட்டுமான மேலாண்மைக் கல்வி நிறுவனமான நிக்மார், இவற்றோடு ப்ரைமவேரா பி6 என்ற ஷெட்யூல் போடும் மென்பொருளில் நல்ல பழக்கம் என்று ஒரு தனிப் பாதை இருக்கிறது. அங்கே பல இடங்களில் பி.எம்.பி.-யைவிட ப்ரைமவேராவில் போட்ட ஒரு நேர்த்தியான ஷெட்யூல் அதிகம் பேசும்.

ஆனால் ஒருவர் மேல்நிலைக்கு வந்துவிட்டாரா என்பதைச் சான்றிதழைவிட எர்ன்ட் வேல்யூ, அதாவது முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் கணக்கு, காட்டிக்கொடுக்கும். பத்து மாதத்தில் 10 லட்ச ரூபாய் வேலை. ஐந்தாம் மாத முடிவில் 5 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 4 லட்சத்துக்கானது, செலவானது 6 லட்சம். பாதிக் காலம் போயிருக்கிறது, கையில் 4 லட்சம் மிச்சம் என்று மட்டும் பார்ப்பவர் ஆபத்தை உணர மாட்டார். 4-ஐ 6-ஆல் வகுத்தால் 0.67, அதாவது செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் 67 பைசா வேலைதான் முடிந்திருக்கிறது; இதே வேகத்தில் போனால் வேலை முடியும்போது 15 லட்சம் ஆகியிருக்கும். இதை ஐந்தாம் மாதத்திலேயே முதலாளியிடம் எண்ணோடு சொல்ல முடிகிறவர்தான் என் கணக்கில் மூத்த மேனேஜர்.

மதிப்பீடும் அப்படித்தான். சிட்னி ஓபரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று தொடங்கி, 1973-இல் திறக்கும்போது 10.2 கோடி ஆகியிருந்தது. நம் வேலை தனித்துவமானது, பழைய கணக்கு இதற்குப் பொருந்தாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். அதனால்தான் பிரிட்டிஷ் கருவூலம் பெரிய திட்டங்களின் மதிப்பீட்டோடு, முன்பு முடிந்த அதே வகைத் திட்டங்கள் எவ்வளவு மீறின என்பதைப் பார்த்து ஒரு கூடுதல் சதவீதத்தைச் சேர்க்கச் சொல்கிறது. இதற்குக் கட்டண வகுப்பு தேவையில்லை. ஓர் எக்செல் ஷீட்டில் வேலையின் பெயர், நீங்கள் முதலில் சொன்ன நாள்கள், உண்மையில் ஆன நாள்கள் என்று மூன்று நெடுவரிசைகளைப் போட்டு, முதல் ப்ராஜெக்ட்டிலிருந்தே நிரப்பி வாருங்கள். அடுத்த முறை "எவ்வளவு நாளாகும்?" என்று கேட்கும்போது அந்த ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.