குற்றாலத்தில் ரூமா, செங்கோட்டையில் ரூமா?

சாரல் சீசன் என்றதும் கை தானாகக் குற்றாலம் லாட்ஜ் நம்பரைத்தான் தேடும். மெயின் அருவிக்கு நடந்தே போகலாம், விடியற்காலையில் கூட்டம் சேருமுன் ஒரு குளியல் போட்டுவிடலாம். வயசானவர்களும் கைக்குழந்தையும் கூட வந்தால் அங்கேயே தங்குங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டைதான் மேல். லாட்ஜ் குறைவு, ஏழு மணிக்கு மேல் வேடிக்கை பார்க்க ஒன்றும் கிடையாது, அருவியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஈரத்துணியோடு நின்றுகொண்டு வரவேண்டியிருக்கும். இருந்தாலும் அதுதான்.

காரணம், குளிக்கத் தடை. கீழே வெயிலடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும்; தண்ணீர் நிமிஷத்தில் செம்மண் நிறமாகி இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. அதனால் தண்ணீர் கொஞ்சம் கூடினாலே கயிறு கட்டி நிறுத்திவிடுகிறார்கள்; நிறுத்தவும் வேண்டும். மெயின் அருவியை மூடினால் ஐந்தருவியும் பெரும்பாலும் கூடவே மூடும். குற்றாலத்தில் ரூம் போட்டவருக்கு அன்றைக்குக் குற்றாலநாதர் கோயில், சித்திர சபை, அப்புறம் சிப்ஸ் கடை. அரை நாளில் தீர்ந்துவிடும்.

செங்கோட்டையில் இருந்தால் அந்த நாள் வீணாகாது. ஸ்டேஷனில் புனலூர் பக்கம் போகும் வண்டியில் ஏறி, தென்மலைக்கு டிக்கெட் எடுங்கள். 1904-இல் மீட்டர் கேஜாகப் போட்ட பாதை. அகலமாக்குவதற்காக 2010-இல் நிறுத்தி, 2018-இல்தான் முழுசாகத் திறந்தார்கள். ஏற்றம் அதிகம் என்பதால் வண்டிக்குப் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டுவார்கள். பகவதிபுரம் தாண்டியதும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் குகை. நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் கேரளா; பச்சையே வேறு மாதிரி இருக்கும். ஏறுமுன் நேரத்தைப் பாருங்கள்: சில வண்டிகள் இந்த மலையை நடுராத்திரியில் கடக்கும், அதில் போய் ஒரு பிரயோஜனமும் இல்லை. தென்மலையில் நிற்கிற வண்டிதானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ரயில் வேண்டாம், பஸ். கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தின் மேலேதான் ரயில் போகிறது, ஆக உள்ளே உட்கார்ந்தவருக்கு ஒரு கண்கூடத் தெரியாது. பாலத்தடியில் ரோடு ஓடுகிறது. அங்கே இறங்கி நிமிர்ந்து பார்த்தால்தான் அதன் உயரம் புரியும். அடுத்து ஆரியங்காவு. பாலருவிக்கு வனத்துறை கேட்டில் டிக்கெட் எடுத்தால் அவர்கள் வண்டியிலேயே உள்ளே கூட்டிப்போவார்கள். பலத்த மழையில் இதையும் மூடுவதுண்டு. மூடியிருந்தால் ரோட்டிலிருந்து கீழே இறங்கி ஐயப்பனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ் பிடிக்கலாம்.

சாப்பாட்டிலும் செங்கோட்டைக்கே என் ஓட்டு. தென்காசி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போனால் பிரானூர், பார்டர் பரோட்டாவின் ஊர். பார்டர் என்றதும் இன்றைய கேரள எல்லை என்று நினைத்துப் புளியரை வரை போய்த் தேடுகிறவர்கள் உண்டு. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பழைய எல்லை பிரானூரில்தான். பரோட்டா சின்னது, ஆளுக்கு ஐந்தாறு தாராளமாக உள்ளே போகும். பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி இரண்டு நிமிஷம் ஊறவிடுங்கள். கூட நாட்டுக்கோழி வறுவல். மிளகுக் காரம், பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் பார்த்துக் கொடுக்கவும். சீசனில் சனி, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனால் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் இடம் பிடிக்கவேண்டும். ஆறரைக்கே போய்விடுங்கள்.

பழத்துக்கு மட்டும் குற்றாலம். மங்குஸ்தான் வாங்கும்போது லேசாக அமுக்கிப் பாருங்கள். ஓடு கல்லாக இருந்தால் பழசு. அடியில் பூ மாதிரி இருக்கும் தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமாக இருந்தால் சுளை சின்னதாக, கொட்டையில்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் எண்ணிப் பார்த்தே எடுங்கள்.